கடைக் கதவு முதல் ஷட்டர் வரை: கதவு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீட்டுக் கதவை ஒரு நாளில் இருபது முப்பது முறை திறப்போம். மருத்துவமனை வாசலிலோ பெரிய கடையிலோ அந்தக் கணக்கு காலை பத்து மணிக்குள் தாண்டிவிடும். தள்ளுவண்டி இடிக்கும், பெட்டி சுமந்து வருபவர் காலால் உதைத்துத் திறப்பார், காற்று பிடித்து இழுக்கும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் தானாக மூட வேண்டும், பூட்டு விழ வேண்டும், ஆபத்து என்றால் ஒரே தள்ளில் திறக்க வேண்டும். இந்தக் கதவுகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தனித் தொழில். தச்சு கொஞ்சம், வெல்டிங் கொஞ்சம், கரண்ட் வேலை கொஞ்சம், கண்ணாடி வேலை கொஞ்சம் என்று எல்லாம் கலந்தது. நான் உதவியாளாகச் சேர்ந்த காலத்தில் யாராவது சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடைவெளியைப் பார்க்கப் பழகுங்கள்

சேர்ந்த இரண்டாவது மாதம், ஓர் அலுவலகத்திலிருந்து “பூட்டு விழவில்லை” என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தேன். பூட்டின் லாட்ச் நாக்கு, நிலையில் (கதவைச் சுற்றியுள்ள சட்டத்தில்) உள்ள ஸ்ட்ரைக் பிளேட்டின் துளைக்குள் போகாமல் கீழ் விளிம்பில் உரசிக்கொண்டு நின்றது. அரத்தால் துளையைப் பெரிதாக்கினேன், விழுந்தது. பத்து நாளில் மறுபடி போன். பூட்டையே மாற்றினேன். மறுபடியும் போன். மூன்றாவது முறை மேஸ்திரியும் வந்தார். அவர் பூட்டுப் பக்கமே போகவில்லை. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து லேசாக மேலே தூக்கினார். மேல்கீல் டக்கென்று அசைந்தது.

“தம்பி, பூட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கீலைப் பார்த்தாயா?”

மேல்கீலின் நான்கு ஸ்க்ரூவில் இரண்டுக்கு மரை போயிருந்தது. கதவின் எடை முழுவதும் மேல்கீலைத்தான் வெளியே இழுக்கும். அது தளர்ந்ததும் பூட்டுப் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. துளையைப் பெரிதாக்கினால் இறக்கம் நின்றுவிடுமா?

அன்றிலிருந்து எந்தக் கதவுக்குப் போனாலும் பையைத் திறப்பதற்கு முன்னால் கதவை மூடி, அதைச் சுற்றி உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். மேலேயும் பக்கங்களிலும் சுமார் 3 மி.மீ. சீராக இருக்க வேண்டும். மேல் இடைவெளி பூட்டுப் பக்கம் போகப் போக அகலமாகி, பூட்டுப் பக்க இடைவெளி மேலே குறுகிப் போனால் கதவு தொங்கியிருக்கிறது. இடைவெளி எல்லாம் சரியாக இருந்தும் கதவின் மேல்மூலை நிலையில் பொருந்தி, கீழ்மூலை வெளியே நிற்கிறதென்றால் கதவோ நிலையோ முறுக்கியிருக்கிறது. நிலையில் பெயின்ட் உரிந்த இடம், தரையில் வளைவாக விழுந்த கீறல், கீலின் அடியில் உதிர்ந்து கிடக்கும் கறுப்புத் தூள், இவையும் பேசும். 3 மி.மீ. பிளாஸ்டிக் பேக்கிங் துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். சுற்றிலும் அதை நுழைத்துப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

தொங்கிய கதவுக்கு மருந்து வரிசையாக உண்டு. முதலில் ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். மரை போயிருந்தால் மரக்கதவில் துளையைப் பசை தடவிய மரக்குச்சியால் அடைத்துப் புதிதாகத் துளையிடுங்கள். இரும்பில் ஒரு அளவு பெரிய டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுப் புது மரை வெட்டுங்கள். எல்லாம் இறுகியிருந்தும் பூட்டுப் பக்கம் தாழ்ந்தே இருந்தால் கீழ்க்கீலின் பின்னால் மெல்லிய பேக்கிங் கொடுங்கள். கீழ்ப்பகுதி பூட்டுப் பக்கம் தள்ளப்படும், அதனால் பூட்டுப் பக்க மேல்மூலை எழும்பும். முதலில் நம்பவே மாட்டீர்கள், ஒரு முறை செய்து பாருங்கள்.

கருவிகள்

ஆரம்பத்தில் நிறைய வேண்டாம். நல்ல ரசமட்டம் இரண்டு (ஒன்று 1.8 மீட்டராவது இருக்கட்டும், குட்டை மட்டம் உயரமான நிலையில் ஏமாற்றும்), தூக்குக்குண்டு, அளவு டேப், மூலைமட்டம், நூல், ஆலன் கீ செட், ஸ்க்ரூட்ரைவர்கள், உளி, அரம், கான்கிரீட்டில் துளையிடும் ஹேமர் ட்ரில், மல்டிமீட்டர், பல கனத்தில் பேக்கிங் துண்டுகள். அப்புறம் கண்ணாடி தூக்கும் சக்ஷன் கப், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கெட்டி மூக்கு ஷூ. கடைசி மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடாதீர்கள்.

அளவெடுப்பதும் கை சொல்வதும்

திறப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். எது சிறியதோ அதுவே உங்கள் அளவு. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். அவை சமமாக இல்லையென்றால் திறப்பு கோணலாக இருக்கிறது. தரை முடிந்த மட்டம் எது என்று கேட்காமல் உயரம் எழுதாதீர்கள். டைல்ஸ் பின்னால் வந்து கதவின் அடியைத் தின்ற கதை இந்தத் தொழிலில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

கதவு இடக்கையா வலக்கையா என்பதில் புதியவர்கள் நிறையத் தவறு செய்கிறார்கள். சாவி போடும் வெளிப்பக்கத்தில் நில்லுங்கள். கீல் உங்கள் இடப்பக்கம் இருந்தால் இடக்கை, வலப்பக்கம் இருந்தால் வலக்கை. கதவு உங்களை நோக்கித் திறந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பூட்டு நாக்கின் சரிவு திரும்பிவிடும். இப்படிச் சொல்லும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஆர்டர் தாளில் சொல்லோடு ஒரு சின்னப் படமும் வரைந்து கொடுங்கள். படத்தைத் தவறாகப் படிப்பது கஷ்டம்.

நிலையை நிறுத்துவது

நான் பார்த்த நல்ல கதவுகள் எல்லாம் நல்ல நிலையில் நின்றவை. நிலை கோணலாக நின்றால் என்ன விலைக் கதவைப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

நிலையின் கீல் பக்கக் கால் (பக்கச் சட்டம்) நேராக நிற்கிறதா என்று முதலில் தூக்கு பாருங்கள். சுவரின் தளத்தில் ஒரு முறை, அதற்குச் செங்குத்தாக ஒரு முறை, இரண்டு திசையிலும். அது சரியானதும் மேல்சட்டத்தை மட்டம் பாருங்கள். கடைசியாகப் பூட்டுப் பக்கக் கால். அடியில் கால்கள் நெருங்காமலும் விரியாமலும் இருக்க, மேல் அகலத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு கட்டையைக் குறுக்கே வையுங்கள். பிறகு நான்கு மூலையிலும் ஒரே அளவு எட்டி நிற்குமாறு இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் மெல்லத் தொட்டுக்கொண்டால் முறுக்கு இல்லை. ஒன்று மற்றதை அழுத்தினாலோ இரண்டுக்கும் நடுவே இடம் இருந்தாலோ ஒரு காலை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

ஆங்கர் போல்ட் முறுக்கும் இடத்தில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே பேக்கிங் இல்லாமல் முறுக்கினால் சட்டம் சுவரை நோக்கி வளைந்து போகும். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பிறகு மட்டத்தை மறுபடி வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் முழுதாக இறுக்குவதற்கு முன்னால் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள், திருத்தச் சுலபம். இரும்பு நிலைக்குள் கலவை ஊற்றுகிறார்கள் என்றால் ஒரே மூச்சில் ஊற்ற விடாதீர்கள், எடையில் சட்டம் உப்பும். பெருகும் ஃபோமும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள், நடுவில் குறுக்குக்கட்டை இருக்கட்டும்.

டோர் க்ளோசர்

இதற்குத்தான் உங்களை அதிகம் கூப்பிடுவார்கள். கதவை மூடும் ஸ்பிரிங்கும், அது வேகமாக மூடாமல் எண்ணெயால் தடுக்கும் அமைப்பும் சேர்ந்ததுதான் க்ளோசர். உடலில் சின்ன வால்வு ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒன்று பெரிய வீச்சின் வேகத்துக்கு, ஒன்று கடைசி சில டிகிரிக்கு, சிலவற்றில் மூன்றாவதாக ஒன்று, கதவைப் பலமாகத் தள்ளினால் சுவரில் போய் மோதாமல் தடுப்பதற்கு.

வால்வை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், மறுபடி எட்டில் ஒன்று. பெரும்பாலான க்ளோசர்களில் வலப்பக்கம் திருப்பினால் வேகம் குறையும். வால்வை வெளியே வரும்வரை கழற்றிவிட்டால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும், க்ளோசர் அவ்வளவுதான். எண்ணெய் கசியும் க்ளோசருக்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டியதுதான். துடைத்துவிட்டு “சரி பண்ணிவிட்டேன்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். தடுக்க எண்ணெய் இல்லாத க்ளோசர் ஒரு நாள் கதவை யாராவது ஒரு குழந்தையின் விரல்மேல் அறையும்.

வேகத்துக்கு ஓர் அளவுகோல்: அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதி, கதவு 90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வரக் குறைந்தது 5 வினாடி எடுக்க வேண்டும் என்கிறது. விதி இல்லாத இடத்திலும் அதை மனதில் வைத்து, வாயால் ஐந்து எண்ணிக்கொண்டே வால்வைத் திருப்புவேன். குளிரில் எண்ணெய் தடித்துக் கதவு மெதுவாகும், வெயிலில் இளகி வேகமாகும். வெளிவாசல் கதவைப் பருவம் மாறும்போது ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

க்ளோசரின் பலம் எண்ணில் சொல்லப்படும். ஐரோப்பிய தர விதியான இஎன் 1154 படி 1 முதல் 7 வரை. 3ஆம் எண் 950 மி.மீ. அகலம், 60 கிலோ வரை உள்ள கதவுக்கு. 4ஆம் எண் 1100 மி.மீ., 80 கிலோ வரை. “கதவு முழுசாக மூடவில்லை” என்றதும் பலத்தைக் கூட்டத் தோன்றும். பொறுங்கள். க்ளோசரின் கையைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் மூடிப் பாருங்கள். அப்போதும் எங்கேயாவது இடித்தால் குற்றம் க்ளோசரில் இல்லை, மறுபடி இடைவெளியிடம் போங்கள். பலத்தைக் கூட்டிவிட்டால் ஒரு முதியவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ கதவைத் திறக்க முடியாமல் வெளியே நிற்பார்.

கண்ணாடிக் கதவு

டஃபன்ட் கண்ணாடியை, அதாவது சூட்டில் பதப்படுத்தி வலுவாக்கும் கண்ணாடியை, பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. எல்லாத் துளையும் தொழிற்சாலையிலேயே போட்டு வர வேண்டும். அளவு தவறினால் புதுக் கண்ணாடிதான். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. 900 மி.மீ. அகலம், 2100 மி.மீ. உயரக் கதவு கிட்டத்தட்ட 57 கிலோ வரும். இருவர் இல்லாமல் தூக்கக் கூடாது.

முகத்தில் பலமாக அடித்தாலும் தாங்கும் இந்தக் கண்ணாடி, விளிம்பில் ஒரு சின்னக் கல் பட்டால் நொடியில் பொடியாகும். வெறும் சிமென்ட் தரையில் மூலையை ஊன்றாதீர்கள், கட்டையோ ரப்பரோ போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் பேட்ச் ஃபிட்டிங்கின் இரும்பு நேரடியாகக் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவே கேஸ்கெட் கண்டிப்பாக வேண்டும்.

அடியில் தரைக்குள் உட்கார்ந்திருக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்தான் இந்தக் கதவின் கீலும் க்ளோசரும். அதன் அச்சும் மேல் பிவட்டும் (கதவு மேலே சுழலும் முனை) ஒரே தூக்கில் இருக்க வேண்டும். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கழுவும் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கி ஸ்பிரிங் துருப்பிடிப்பதுதான் வழக்கமான சாவு. மூடித் தகட்டைத் திறந்ததும் சேறு கண்டால், புது ஸ்பிரிங் போடுவதோடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

தானியங்கிக் கதவு

மேலே பெட்டிக்குள் மோட்டார், பெல்ட், கட்டுப்பாட்டுப் பலகை, கதவைத் தொங்கவிடும் சக்கரங்கள். வெளியே ஆள் வருவதைப் பார்க்கும் சென்சார், வாசலில் ஆள் நிற்பதைப் பார்க்கும் பாதுகாப்பு சென்சார். “கதவு வேலை செய்யவில்லை” என்றால் ஏணி போடுவதற்கு முன்னால் சுவரில் உள்ள மோட் சுவிட்சை (கதவு எப்படி இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) பாருங்கள். யாரோ துடைக்கும்போது திருப்பியிருப்பார்கள். அடுத்து கரண்ட் வருகிறதா, சென்சார் கண்ணாடியில் தூசி இருக்கிறதா, தரை வழியில் கல் மாட்டியிருக்கிறதா. பிறகு கரண்டை நிறுத்தி, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கோளாறு மின்பக்கம், தடுமாறினால் சக்கரம் அல்லது ரெயில். ரெயிலில் கிரீஸ் தடவாதீர்கள், அது தூசியைப் பிடித்துவைக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

யாரும் வராமல் கதவு தானாகத் திறந்தால், ஆடும் செடியோ பேனரோ ரேடார் சென்சாரின் பார்வையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு சென்சார் தொல்லை தருகிறது என்று ஒயரை இணைத்து அதைக் குருடாக்குவதை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் 70 செ.மீ. உயரப் பெட்டி ஒன்றைப் பாதையில் வைத்துக் கதவு நிற்கிறதா பாருங்கள். சின்னக் குழந்தையின் உயரம் அது.

பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் அதன் இணைப்பையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போன பிறகும் கதவு நகரும்.

ஷட்டர்

இங்கே மெதுவாகப் படியுங்கள். கையால் தூக்கும் ஷட்டரின் மேல் உருளைக்குள் சுருள் ஸ்பிரிங்குகள் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்குத்தான் அவ்வளவு எடையை ஒரு கையால் தூக்க வைக்கிறது. ஷட்டர் கீழே இருக்கும்போது முறுக்கு மிக அதிகம், மேலே போகப் போகக் குறையும். முழுதாக மேலே இருக்கும்போதும் மீதம் இருக்கும். அது ஒரே வீச்சில் விடுபட்டால் கையை உடைக்கும், தலையில் பட்டால் உயிரே போகும். ஷட்டரை மேலே ஏற்றி, இரண்டு பக்க வழியிலும் கிளாம்ப் போட்டு, அதற்கான கம்பியால் ஸ்பிரிங்கைக் கட்டுக்குள் வைத்துத்தான் அதைப் பிடித்திருக்கும் ஆணியைத் தொட வேண்டும். ஸ்க்ரூட்ரைவரையோ கிடைத்த கம்பியையோ அந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது. முதல் ஆண்டில் ஸ்பிரிங் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். “சின்ன வேலைதானே” என்று உரிமையாளர் அவசரப்படுத்துவார். ஆள் வரட்டும் என்று சொல்லிக் காத்திருங்கள்.

மோட்டார் ஷட்டர் நாலைந்து முறை ஏற்றி இறக்கியதும் நின்றுவிட்டதா? எரிந்துபோனது என்று முடிவு கட்டாதீர்கள். சூடானால் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு பெரும்பாலான மோட்டாரில் உண்டு. ஆற விட்டுப் பாருங்கள்.

தீக்கதவும் அவசர வழியும்

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா நாடக அரங்கில் தீப்பிடித்தபோது 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பூட்டிய கதவுகளும் திறக்கத் தெரியாத தாழ்களும் அந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம். அன்றைய காட்சிக்குப் போகவிருந்து வேலையால் போகாமல் தப்பிய கார்ல் பிரின்ஸ்லர் என்ற ஹார்டுவேர் வியாபாரி, ஹென்றி டுபாண்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து உருவாக்கிய தள்ளினால் திறக்கும் கம்பி 1908ல் விற்பனைக்கு வந்தது. நாம் மாட்டும் பேனிக் பார் அந்த வழியில் வந்ததுதான். 1942ல் பாஸ்டனின் கோகோநட் குரோவ் விடுதித் தீயில் 492 பேர் இறந்தார்கள். முன்வாசல் சுழல் கதவில் கூட்டம் சிக்கி அது நகரவே இல்லை. சுழல் கதவின் பக்கத்தில் வெளிப்புறம் திறக்கும் சாதாரணக் கதவு வேண்டும் என்ற விதி அதற்குப் பின் பரவியது.

பேனிக் பார் மாட்டிய கதவில் சங்கிலி தொங்கினால் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் வேலைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மேக்னெட்டிக் லாக் இருந்தால் கரண்டை நிறுத்திக் கதவு திறக்கிறதா பாருங்கள். அந்த லாக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், கதவில் உள்ள, காந்தம் பிடிக்கும் இரும்புத் தகட்டை யாராவது இறுக முறுக்கியிருப்பார்கள். ரப்பர் வாஷர்மேல் அது கொஞ்சம் ஆட வேண்டும், அப்போதுதான் காந்தத்தோடு முழுதாகப் படியும்.

தீயைத் தடுத்து நிறுத்தும் தீக்கதவில் உள்ள சான்றுத் தகட்டை உரிக்கவோ அதன்மேல் பெயின்ட் அடிக்கவோ கூடாது. புதுத் துளை போடக் கூடாது. ஓரத்தில் ஓடும், சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை அறுந்திருந்தால் மாற்றுங்கள். அமெரிக்காவின் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் 80ஆம் விதியும் மேலேயும் பக்கங்களிலும் சுமார் 3 மி.மீ., அடியில் அதிகபட்சம் 19 மி.மீ. என்றுதான் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கவும் சொல்கிறது. மற்ற இடங்களில் உள்ளூர் விதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஒப்படைப்பது

கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள். மூன்று முறை அகலமாக, மூன்று முறை பாதி, மிச்சம் ஒரு சாண் அளவு மட்டும் திறந்து. ஒரு சாணிலிருந்து விடும்போதுதான் லாட்ச் விழாத குறை தெரியும். கண்ணை மூடிக் கேளுங்கள்: நல்ல கதவு ஒரே ஒரு ‘க்ளிக்’ சத்தத்தோடு நிற்கும், இரண்டு சத்தம் கேட்டால் எங்கேயோ ஆடுகிறது. காவலாளியையோ, அந்தக் கதவை அதிகம் பயன்படுத்துபவரையோ கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கதவு எப்படியெல்லாம் தொல்லை தந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் க்ளோசர் கவரின் உள்பக்கம் மார்க்கரில் தேதியையும் நீங்கள் செய்த வேலையையும் ஒரு வரியில் எழுதி மூடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாகவும் இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம்.